மூன்றாவது பட்டையின் சந்தனம்

பங்காரம்மா காரை விட்டு இறங்கும்போதே பேரம் பேசுகிற முகத்தோடு இறங்கினார். கணபதி பகுதியில் உமர் பாரூக்கின் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர், மேடை விளக்கு, மூடிப்போன சினிமாக் கொட்டகையின் ஸ்பீக்கர் என்று ஊரில் யாருக்கும் வேண்டாததெல்லாம் அங்கே தூசு தட்டப்பட்டு, யாருக்கோ வேண்டியதாக மாறிக் காத்திருக்கும். ஆனால் இந்த அம்மா வாங்கவும் வரவில்லை, விற்கவும் வரவில்லை. அதனால் உமர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வாங்க வந்தவர்களுக்கு அவர் எழுந்ததே இல்லை. எழுந்தால் விலை இறங்கிவிடும் என்பது அவருடைய வாப்பா காலத்துப் பழக்கம்.

"ஏனுங்க பாய், ஒரு மிசினுக்கும் ஒரு மனுசனுக்கும் நடுவுல நீங்க தீர்ப்புச் சொல்லோணும்" என்றார் பங்காரம்மா.

உமர் தலையசைத்தார். கடையின் உள்ளேயிருந்து சுஃப்யான் ஸ்குரூ டிரைவரும் கையுமாக ஓடிவந்தான். உமரின் மனைவிக்குத் தம்பி. நாற்பது வயதாகியும், ரிப்பேருக்கு வருகிற ஒவ்வொரு ரேடியோவுக்குள்ளும் ஒரு சதி இருக்கும் என்று நம்புகிறவன். இதுவரை கண்டுபிடித்தது பல்லி மட்டும்தான்.

விஷயம் இது. சிங்காநல்லூரில் பங்காரம்மாவின் மாமனார் நரசிம்மலு, மில் ஓடிய நல்ல காலத்தில் கட்டிய கலையரங்கம் ஒன்று இருக்கிறது. மில் போய்விட்டது, அரங்கம் நிற்கிறது. பங்காரம்மாதான் இப்போது அதற்கு அறங்காவலர். போன வாரம் அங்கே லாஸ்யா என்ற பெண்ணின் நாட்டிய நிகழ்ச்சி நடந்தது. அவள் ஆடிக்கொண்டே மேடையின் முன்விளிம்புக்கு வந்த நேரம், முன்விளக்குகள் மொத்தமாக அணைந்தன. கண் தெரியாமல் எடுத்து வைத்த அடி மேடைக்கு வெளியே விழுந்தது. கீழே சிமெண்டுத் தரை. கணுக்கால் நொறுங்கிவிட்டது. நடப்பாள் என்கிறார் டாக்டர். ஆடுவாளா என்று கேட்டால் எக்ஸ்ரேயை மறுபடி பார்க்கிறார்.

விளக்குப் பலகையில் உட்கார்ந்திருந்தவர் மாசாணம். தானாக அணைந்துவிட்டது என்கிறார் அவர். தூங்கி வழிந்து எதையாவது இழுத்திருப்பார் என்கிறான் பங்காரம்மாவின் மகன் தேஜா. வெள்ளிக்கிழமை எல்லோரும் கூடி முடிவு செய்யப் போகிறார்கள்.

"மிசின்மேல தப்புன்னா விதின்னு உட்டுப்போடலாம். ஆளுமேல தப்புன்னா, பொண்ணோட அப்பா போலீசுக்குப் போறேங்கறார். நானும் அவனை வெச்சுக்க முடியாதுங்க."

பலகை பழசாயிற்றே, மாற்றவில்லையா என்று உமர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பங்காரம்மா கொஞ்சம் பெருமையாகவே நிமிர்ந்தார். "எங்க மாமனார் போட்டுவெச்ச வழி பாய். பழுதைக் கண்ணால பார்க்காம நான் ஒரு ஆணி வாங்குனதில்ல."

கார் கதவைத் திறந்தவர், ஏறாமல் திரும்பினார். "அந்த வெளிச்சத்துல நான் நிக்க வேண்டியதுங்க. முதல்ல என்னோட வரவேற்புரைதான். காரமடை கோயிலுக்குப் போய்ட்டு வாரப்ப ரோட்டுல மாட்டிக்கிட்டேன். நான் வரலைன்னு ஆட்டத்தை ஆரம்பிச்சுப்போட்டாங்க. ரங்கநாதர்தான் என்னைக் காப்பாத்தினார்."

அப்படியானால் அந்தப் பெண்ணை யார் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று சுஃப்யானுக்குக் கேட்கத் தோன்றியது. உமர் திரும்பிப் பார்த்ததும் ஸ்குரூ டிரைவரோடு உள்ளே போய்விட்டான்.

அரங்கத்துக்கு மறுநாள் காலையில் போனார்கள். தேஜா வாசலிலேயே நின்றிருந்தான். கையில் அளவு நாடா. கல்யாண மண்டபமாக மாற்றினால் நாற்காலிகளை எடுத்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடம் எங்கே வைக்கலாம் என்பதை யாரும் கேட்காமலேயே விளக்கினான். விளக்கறைச் சாவி இரண்டு, ஒன்று தன்னிடம், மற்றது மாசாணத்திடம் என்பதையும் அவனே சொன்னான். சுஃப்யான் மச்சானின் முதுகில் விரலால் குத்தினான்.

விளக்கறை பால்கனியில் இருந்தது. மாசாணம் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில்லை மூடியபோது மிச்சப்பட்ட சாமான்களோடு சாமானாக இங்கே அனுப்பப்பட்டவர். அரங்கத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் மனைவி சின்னாத்தாளோடு இருக்கிறார். சின்னாத்தாள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை உமர் வாங்கிய பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

"ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாங்களாங்க?"

உமர் டீயைக் குடித்தார்.

பலகை, ஆபீஸ் மேசை அகலத்துக்கு, சரிவாக இருந்தது. மேலே பக்கத்தில் பக்கமாகப் பன்னிரண்டு தகரப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் மேலும் கீழும் தள்ளுகிற ஒரு குமிழ். மேலே தள்ளினால் வெளிச்சம் ஏறும், இறக்கினால் மங்கும். எந்தக் குமிழ் எந்த விளக்கு என்பதை மாசாணம் பட்டையில் எழுதாமல், கீழே மரச்சட்டத்தில் ஒட்டிய பிளாஸ்திரியில் எழுதியிருந்தார். மூன்றாவதற்குக் கீழே 'முன் விளக்கு'. கடைசியில் 'வாசல் வளைவு'. வாசல் வளைவின் பல்பு எரிந்தே பல வருடம் ஆகிறது என்றார்.

ஒவ்வொரு பட்டையையும் இரண்டு ஸ்குரூ பிடித்திருந்தது. எல்லா ஸ்குரூவின் தலைக் கோடுகளும் நேர்செங்குத்தாக, அணிவகுப்புப் போல நின்றன. சுஃப்யான் அதைப் பார்த்து விசிலடித்தான்.

"அப்படி நிறுத்தி வெச்சா, ஏதாச்சும் லூசாகித் திரும்பினா எட்ட நின்னே தெரியுமுங்க. மில்லுல எங்களுக்கெல்லாம் அதான் பழக்கம்" என்றார் மாசாணம்.

பட்டைகளின் தலைமாட்டில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சந்தனத்தால் மூன்று கோடுகள் காய்ந்து கிடந்தன. ஆயுத பூசைக்குப் போட்டது. மூன்று விரலைச் சந்தனத்தில் முக்கி, இடது கோடியில் வைத்து, கையெடுக்காமல் வலது கோடி வரைக்கும் ஒரே இழுப்பு என்று மாசாணம் காற்றில் இழுத்துக் காட்டினார். அடுத்த பூசை வரைக்கும் யாரும் துடைக்கக் கூடாது. பலகையில் தன் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் உமரைப் பார்க்கவில்லை.

உமர் மூன்றாவது குமிழை மெதுவாகத் தள்ளினார். மேடையில் முன்விளக்குகள் அழகாக ஏறின. முக்கால் தூரத்தில் சிமிட்டின. இன்னும் கொஞ்சம் தள்ளினார். பட்டென்று இருட்டு.

சுஃப்யானிடம் ஒரு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, உமர் மூன்றாவது பட்டையையும் நான்காவதையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினார். இப்போது மூன்றாவது இடத்தில் முன்விளக்கு முழுதாக எரிந்தது. நான்காவது இடத்தின் பக்கவிளக்குகள் முக்கால் தூரத்தில் செத்தன. பழையபடி மாற்றினார். குறையும் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. பட்டையைத் திருப்பிப் பார்த்தபோது, உள்ளே குமிழ் உரசி ஓடுகிற கரித்தடம் மேல்பாகத்தில் தேய்ந்து வெளுத்திருந்தது.

"மிசின்தான் மச்சான்" என்றான் சுஃப்யான், தானே கண்டுபிடித்ததுபோல. "மாசாணண்ணே, போய்ப் படுத்துத் தூங்குங்க."

மாசாணத்தின் முகத்தில் நிம்மதி வரவில்லை. உமர் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு சந்தனத்தைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் சந்தனத்தைப் பார்த்தார்.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக்கரியில் உட்கார்ந்து, உமர் சுஃப்யானின் போனில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி வைத்தார்.

"சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கியா மாப்ள? மட்டையை முக்கி இழுத்தா முதல்ல எப்படி இருக்கும்?"

"திக்கா இருக்கும். போகப் போக மெலிஞ்சிரும்."

"இதுல பாரு. ஒண்ணாவது பட்டையில சந்தனம் அப்பியிருக்கு. ரெண்டுலயும் அப்படித்தான். மூணாவதுல?"

மூன்றாவது பட்டையில் சந்தனம் இருக்கிறதா இல்லையா என்று தேடவேண்டியிருந்தது. நான்காவதில் மறுபடியும் தடிப்பு. அங்கிருந்து மெலிந்துகொண்டே போய், கடைசிக்கு முந்தினதில் வெறும் நிழலாகி, கடைசிப் பட்டையில் திடீரென்று சுண்டுவிரல் பருமனுக்கு எழுந்து நின்றது.

மூன்றாவது அதிகம் புழங்குகிற குமிழ், கைபட்டுத் தேய்ந்திருக்கலாம் என்றான் சுஃப்யான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கே புரிந்துவிட்டது. கை பட்டால் சந்தனம் தேயும். கை படாததால் சந்தனம் முளைக்காது.

"பூசைக்கு அப்புறம் யாரோ மூணாவதையும் கடைசியையும் மாத்திப் பூட்டியிருக்காங்க" என்றான். பப்ஸைக் கீழே வைத்தான். "கெட்ட பட்டை, பல்பே இல்லாத இடத்துல சும்மா கிடந்திருக்கு. அதை வேணும்னே தூக்கி முன்விளக்குக்கு... மச்சான், அளவு நாடா! அவனுக்கு அரங்கம் ஊத்தி மூடோணும். சாவி இருக்கு."

உமர் டீக்கு மேலே படிந்த ஆடையை ஸ்பூனால் ஒதுக்கினார். வெள்ளிக்கிழமை தான் சொல்லப் போவது இவ்வளவுதான் என்றார்: பலகை பழசு, மூன்றாவது பட்டை தேய்ந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை. சந்தனத்தைப் பற்றி நீ வாயைத் திறக்காதே என்றும் சொன்னார்.

சுஃப்யானுக்குக் காது சிவந்தது. பெரிய வீட்டுப் பிள்ளை என்றால் மச்சானுக்கும் கண்ணை மூடிக்கொள்ளத் தெரியும் என்று அவன் அன்றைக்கு நினைத்தான். நினைத்ததை மறைத்துக்கொள்ள அவனுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை, மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறையில் கூடினார்கள். சுற்றிலும் கண்ணாடி. யார் எங்கே பார்த்தாலும் இன்னொருவர் முகம் தெரிந்தது. பங்காரம்மா நடுவில், தேஜா பக்கத்தில், லாஸ்யாவின் அப்பா கதவோரம் நின்றபடி. மாசாணம் உட்காரவில்லை. கதவுக்கு வெளியே சின்னாத்தாளின் புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது.

உமர் சுருக்கமாகச் சொன்னார். "சந்தேகப்படற சாமானை எடுத்து, நல்ல சாமான் இருந்த இடத்துல வெச்சுப் பார்ப்போமுங்க. குறை கூடவே போச்சுன்னா சாமான்ல குறை. நகராம நின்னுச்சுன்னா அந்த இடத்துலயே குறை. இங்கே குறை பட்டையோட போச்சு. தேஞ்ச பட்டை. மாசாணம் குமிழைத் தள்ளினார், அது கைவிட்டுருச்சு. அவ்வளவுதான்."

பங்காரம்மா மூச்சு விட்டார். மாசாணம் கும்பிட்டார். அங்கேயே முடிந்திருக்கும்.

"அதெப்படி?" என்றான் தேஜா. "முந்தின வாரம் நாடகம் நடந்துச்சே, இதே முன்விளக்கு மூணு மணி நேரம் நின்னு எரிஞ்சுதே. ஒரே வாரத்துல தேஞ்சிருச்சா? இவர் என்னமோ பண்ணியிருக்கார்."

லாஸ்யாவின் அப்பா கதவை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

சுஃப்யானால் அதற்குமேல் முடியவில்லை. போனை எடுத்துப் பங்காரம்மாவின் மடியில் வைத்து, சந்தனத்தை விரலால் காட்டி, மெலிந்ததையும் தடித்ததையும் விளக்கி, ஒரே மூச்சில் முடித்தான். "யாரோ மாத்தி வெச்சிருக்காங்கம்மா. சாவி ரெண்டே பேருகிட்டதான். ஒருத்தர் கையில அளவு நாடா இருக்கு."

பங்காரம்மா போனைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். வியாபாரக் குடும்பத்தில் ஒரு தாய் மகனைக் கணக்குப் போட்டுப் பார்க்கிற பார்வை அது. விடை சரியாக வருகிறதே என்ற பயம் அதில் இருந்தது.

"தம்பி இல்லீங்க" என்றார் மாசாணம்.

உமர் கண்ணை மூடித் திறந்தார். மைத்துனனைத் திட்டவில்லை. சொன்ன சொல், திட்டினாலும் திருப்பி எடுக்க முடியாத சாமான்.

"தம்பி இல்லதான்" என்றார் அவர். "பன்னிரண்டு பட்டையும் வெளியே பார்த்தா ஒரே மாதிரி. எது தேஞ்சதுன்னு தம்பிக்குத் தெரியாது. தெரிஞ்சவர் ஒருத்தர்தான், அதைக் கொண்டுபோய் உதவாத கடைசியில ஒதுக்கி வெச்சவர். இன்னொண்ணு, மாத்திப் பூட்டினவர் நாலு ஸ்குரூவையும் நேரா நிறுத்திட்டுப் போயிருக்கார். திருட்டு வேலை செய்யறவன் அவசரத்துல அதையெல்லாம் பார்க்க மாட்டான். மில்லு ஃபிட்டருக்குக் கை தானா நிக்கும்."

"ஏண்டா மாசாணம்?" என்றார் பங்காரம்மா. அவ்வளவுதான் வந்தது.

மாசாணம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உமர்தான் பேசவேண்டியிருந்தது.

"உங்க மில்லு சாமானை ஏலத்துல எடுத்தது எங்க வாப்பாங்க. அப்ப ஃபிட்டர்மாரெல்லாம் எங்களுக்கு ஒரு வேடிக்கை சொல்லுவாங்க. தேஞ்ச பேரிங் மில்லோட கடைசி மூலையில கிடந்து கத்தும். புதுசு கேட்டா, முதலாளி கண்ணால பார்க்கோணும்பார். அவர் அந்த மூலைக்கு வரமாட்டார். அதனால அவர் சுத்தி வர்ற அன்னைக்கு, கெட்ட பேரிங்கைக் கழட்டி வாசல்கிட்ட இருக்கற முதல் மிசின்ல மாட்டிருவாங்க. அவர் கண்ணு முன்னால மிசின் நிக்கும். மறுநாள் புது பேரிங் வந்துரும். ஒவ்வொரு ஃபிட்டரும் செஞ்ச வேலைதான் அது. அம்மா, அன்னைக்கு அந்த வெளிச்சத்துல நிக்க வேண்டியவங்க யாருன்னு நீங்களேதான் எங்கிட்டச் சொன்னீங்க."

கண்ணாடிகளில் எத்தனையோ பங்காரம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு பட்டையில்லீங்கம்மா" என்றார் மாசாணம் மெல்ல. "ஒவ்வொண்ணா எல்லாமே போயிட்டிருந்துச்சு. கேட்டேன். கண்ணால காட்டுன்னீங்க. நீங்க மைக் முன்னால நின்னு பேசறப்ப ரெண்டு தரம் சிமிட்டி அணைஞ்சா போதும்னு இருந்தேன். நின்னு பேசறவங்களுக்கு என்ன ஆயிரும்? நீங்க வரலை. ஆட்டம் ஆரம்பிச்சுட்டாங்க. மாத்தறதுக்கு நேரமில்ல. பாதிக்கு மேல தள்ளாம புடிச்சுட்டே உட்கார்ந்திருந்தேனுங்க. டான்ஸ் டீச்சர் கீழிருந்து கையைக் காட்டி இன்னும் வெளிச்சம், இன்னும் வெளிச்சம்னாங்க." அவர் லாஸ்யாவின் அப்பா பக்கம் திரும்பினார், ஆனால் நிமிரவில்லை. "தள்ளிட்டேனுங்க."

லாஸ்யாவின் அப்பா வந்த வேகம் எங்கே போனதென்று தெரியவில்லை. அடிக்க ஓங்கிய கை மாதிரி அவர் முகம் அந்தரத்தில் நின்றது. பிறகு வெளியே போய்விட்டார். புடவைத் தலைப்பு அவருக்கு வழிவிட்டு ஒதுங்கியது.

பங்காரம்மா போனை சுஃப்யானிடம் திருப்பிக் கொடுத்தார். முகம் பழையபடி பேரத்துக்குத் திரும்பியிருந்தது. "அப்ப, ஆளுமேலதான் தப்பு" என்றார்.

"மாத்தி வெச்சுப் பார்த்தீங்கன்னா தெரியுமுங்க" என்றார் உமர். "இவரை எடுத்துப்போட்டு இந்த நாற்காலியில வேற ஒருத்தரை உட்கார வையுங்க. குறை இவரோட போகுதா, இங்கேயே நிக்குதான்னு பாருங்க."

"நீங்க மிசின் பார்க்க வந்தீங்க பாய். பார்த்தாச்சு."

மாசாணம் அந்த மாதமே ஒற்றை அறையைக் காலி செய்தார். போலீசுக்குப் புகார் போகவில்லை. போனால் ஏன் மாற்றி வைத்தாய் என்று யாராவது கேட்பார்கள், அதற்கு அவர் பதில் சொல்வார். பங்காரம்மா லாஸ்யாவின் அப்பாவைக் கூப்பிட்டு எப்படியோ பேசி முடித்தார். புகார் கொடுக்காமல் விட்டதே அந்தம்மாவுக்குப் பெரிய மனசு என்று சிங்காநல்லூரில் பேசிக்கொண்டார்கள். அரங்கத்துக்குப் புதுப் பலகை வந்தது. பழுதைத்தான் கண்ணால் பார்த்தாகிவிட்டதே.

பழைய பலகை இரும்பு விலைக்கு உமரின் கடைக்கே வந்து சேர்ந்தது. சுஃப்யான் ஈரத் துணியோடு உட்கார்ந்து அதைத் துடைக்கப் போனான். சந்தனத்துக்கு அருகே வந்ததும் கை நின்றது. துணியை மடித்து வைத்துவிட்டான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ரேடியோக்களுக்குள் சதி தேடுவதையும் விட்டிருந்தான். பல்லி இருந்தால் பல்லி என்று சொல்லிவிடுவான்.

தை பிறந்த பிறகு ஒரு நாள், வெள்ளைச் சட்டையைப் பேண்டுக்குள் விட்ட இளைஞன் ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். பெயர் சைதன்யா. எலக்ட்ரிகல் படித்தவன். நரசிம்மலு கலையரங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். புதுப் பலகை பிரமாதமாக வேலை செய்கிறது என்றான். தொல்லை கொடுப்பது முன் திரையின் மோட்டார்தான். இறங்கும்போது சில சமயம் பாதியில் நின்று, பிறகு தடாலென்று விழுகிறது. அம்மாவிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டானாம்.

"அவங்க இருக்கறப்ப மட்டும் ஒழுங்கா ஓடித் தொலைக்குதுங்க சார்" என்றான். கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எங்களோடது எப்பவாச்சும்தான் நிக்குது. கண்டிப்பா நிக்கற மாதிரி பழைய மோட்டார் ஒண்ணு இருக்குங்களா? ஒரே ஒரு நாளைக்குப் போதும். வாடகை கொடுத்துடறேன்."

சுஃப்யான் உமரைப் பார்த்தான். உமர் அந்த இளைஞனை உட்காரவைத்தார். டீ சொன்னார். மாசாணம் என்று ஒருவர் இருந்ததையும், லாஸ்யா என்ற பெண்ணையும், மூன்றாவது பட்டையையும் எதையும் விடாமல் சொன்னார். சைதன்யா மரியாதையாகக் கேட்டான். அவரு வேலையில கொஞ்சம் கவனக் குறைவுன்னு அம்மா சொன்னாங்க என்றான். டீயைக் குடித்து முடித்தான். அப்ப மோட்டார் இல்லீங்களா என்று இன்னொரு தரம் கேட்டான்.

"இல்லை தம்பி."

அவன் பைக்கை எடுக்கவில்லை. சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனான். அங்கே இருக்கும். கணபதியில் கிடைக்காத பழைய சாமான் இல்லை.